ஆண்கள் ஊழியம்: மாதக் கூட்டமா, தனி வழிகாட்டியா, நான்கு பேர் குழுவா?

எங்கள் சபையில் ஆண்கள் ஊழியத்தை எப்படி நடத்துவது என்று யோசித்தபோது மூன்று வழிகள் இருந்தன. மாதம் ஒருமுறை எல்லாரும் கூடும் ஐக்கியக் கூட்டம். ஒரு மூத்த சகோதரரோடு ஓர் இளையவரைச் சேர்த்துவிடும் தனி வழிகாட்டல். வாரந்தோறும் சந்திக்கும் நான்கு பேர் குழு. மூன்றையும் செய்து பார்த்தோம். இப்போது நான் நான்கு பேர் குழுவின் பக்கம்.

மாதக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு, சாட்சி, தேவசெய்தி எல்லாம் நல்லதுதான். புதிதாக வருகிறவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம், அந்த இடைவெளி அவருக்குத் தேவை. ஆனால் ஐம்பது பேர் நடுவில் எந்த ஆணும் "என் கோபத்தால் பிள்ளைகள் என்னிடம் பேசுவதே இல்லை" என்று சொல்ல மாட்டார். "குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்ற குறிப்போடு அது முடிந்துவிடும்.

தனி வழிகாட்டலுக்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டு. பர்னபா, சவுலைத் (பின்னாளில் பவுல்) தேடித் தர்சுவுக்குப் போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தார். இருவரும் ஒரு வருஷம் அந்தச் சபையோடே இருந்தார்கள் (அப்போஸ்தலர் 11). இருவருக்கும் மனம் ஒத்துப்போனால் இந்த வழி ஆழமாகப் போகும். எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. ஒரு மூத்த சகோதரர் வேலை மாற்றலாகிப் போனார். அவரோடு இருந்த இளைஞர் மூன்று மாதம் தனியாகத் தவித்தது யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று, மூத்தவர் எப்போதும் ஆசிரியராகவே இருந்துவிடுகிறார். அவர் தடுமாறிய இடங்கள் இளையவர் காதுக்கு வருவதே இல்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கேள்வி: "போன வாரம் சொன்னீங்களே, அது என்ன ஆச்சு?" இதைத் தவறாமல் கேட்க ஆள் இருக்கிறதா என்பதுதான் விஷயம். செய்தி கேட்டுத் தீர்மானம் எடுப்பது எளிது. செவ்வாய்க்கிழமை இரவு, களைத்துப்போய் வீடு திரும்பும் நேரத்தில்தான் அது உடைகிறது. நான்கு பேரில் ஒருவர் ஊருக்குப் போனாலும் கேட்க மூன்று பேர் மிஞ்சுகிறார்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. வாரம் ஒருமுறையாவது கூட வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், கடந்த சந்திப்புக்குப் பிறகு செய்த தவறுகளையும் வந்த சோதனைகளையும் ஒவ்வொருவரும் முறையே மறைக்காமல் சொல்ல வேண்டும். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16தான் அடிப்படை. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வெஸ்லியின் சங்கத்தார் கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் போனார்கள். போன இடத்தில் வீடுகளின் உண்மை நிலை தெரியவர, அந்த வசூலே ஆத்தும விசாரிப்பாக மாறியது. வாராவாரம் வாசலில் போய் நின்றதன் பலன் அது.

எங்கள் குழுக்களில் மூத்தவர் இருவர், இளையவர் இருவர். ஒரு நாள் மூத்தவர் ஒருவர், தன் மகனிடம் மன்னிப்புக் கேட்கப் போய் வார்த்தை வராமல் திரும்பிவிட்டதைச் சொன்னார். அடுத்த வாரம் ஓர் இளைஞர்தான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தனி வழிகாட்டலில் இது எங்களுக்கு ஒருமுறைகூட நடக்கவில்லை.

ஒரு கட்டுப்பாடு அவசியம். பேசியது வெளியே போகக்கூடாது. ஆனால் யாருடைய உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மறைக்க மாட்டோம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குடிப்பழக்கமும் தீவிர மனச்சோர்வும் குழு மட்டும் தாங்கும் சுமைகள் அல்ல. மருத்துவ உதவியும் சேர்ந்தே வேண்டும். கல்லூரி வயதுப் பையன்களுக்கு இந்த முறை எப்படி ஒத்துவரும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அப்படி ஒரே ஒரு குழுதான் நடத்தியிருக்கிறோம். ஒருவேளை அவர்களுக்குத் தனி வழிகாட்டலே பொருந்தலாம்.

மாதக் கூட்டத்தை நாங்கள் நிறுத்தவில்லை. புதியவர் ஒருவர் மூன்று நான்கு முறை வந்த பிறகு, ஏதாவது ஒரு குழுவைச் சேர்ந்தவர் பின்வரிசையில் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார். அப்புறம்தான் அழைப்பு.