காசு குடுத்து வாங்கின மண்

போன மாரிக்குக் கிளிநொச்சி ரவுணில ஒரு கடையில கைனெடிக் சாண்ட் எண்ட விளையாட்டு மணல் பெட்டி ஒண்டு வாங்கினன். ஒரு கிலோ 2,400 ரூபா. நீல மணல், நாலு அச்சு, ஒரு குட்டி அகப்பை. பெட்டியைக் கண்ட உடனை அம்மா கேட்டா: "வன்னியில இருந்துகொண்டு மண்ணைக் காசுக்கு வாங்கிறியோ பிள்ளை?"

கேள்வி ஞாயம்தான். ஆனா ஐப்பசி பிறந்தா எங்கட முத்தம் முழுக்க வெள்ளம். ரெண்டு வயசுக்காரியை வீட்டுக்குள்ள என்னத்தைக் காட்டி இருத்திறது?

சாமான் நல்லது. கிட்டத்தட்ட 98 வீதம் மணல், மிச்சம் சிலிக்கோன் எண்ணெய். அதால காயாது, பிடிச்சாக் கட்டியா நிக்கும், விட்டா மெல்ல வழியும். மகள் முதல் நாள் தொடவேயில்லை. சோறு விரல்ல ஒட்டினாலே கையை உதறிற பிள்ளை. மூண்டாம் நாள் ஒரு விரலால குத்தினாள். பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் சேத்து ஒரு கிள்ளு கிள்ளி, அது வழியிறதை வாய் பிளந்து பாத்தாள். அந்தக் கிள்ளுப் பிடிதான் நாளைக்குப் பொத்தான் பூட்டவும் பென்சில் பிடிக்கவும் வேணும். இப்ப சோத்தைத் தானே குழைச்சுச் சாப்பிடுறாள். மணலாலதான் எண்டு அடிச்சுச் சொல்ல மாட்டன்.

நீலச் சாயம் பாயில பிடிச்சு இன்னும் போகேல்லை. வாங்கிறதெண்டா சாயமில்லாத சின்னப் பெட்டி வாங்குங்கோ. மூண்டு வயசுக்கு மேல எண்டுதான் போட்டிருக்கு. வாயில வைக்கிற பிள்ளையெண்டா பக்கத்திலயே குந்தியிருக்க வேணும். தண்ணியில ஊறிப் பெருக்கிற வண்ண மணியும் அங்க கிடந்தது. அதைத் தொடவே வேண்டாம், விழுங்கினாக் குடலுக்குள்ள போய் ஊதும்.

தை பிறந்து முத்தம் காஞ்சதும் பெட்டி அலுமாரிக்கு மேல போட்டுது. அம்மா முத்தத்து மண்ணில ரெண்டு சிரட்டையும் ஒரு செம்பு தண்ணியும் வைச்சா. தண்ணி கூடினாக் கூழ், குறைஞ்சா புட்டு உதிரும்; அளவை மகளே பிடிச்சிட்டாள். பெட்டி மணலில இந்த வேலை நடக்காது. பூனை பேண்ட இடமோ எண்டு முதல்ல பாப்பன். செருப்பும் போட்டு விடுவன், கொக்கிப்புழு காலாலயும் ஏறும். முடிய சவுக்காரம்.

சண்டை முடிஞ்சு 2010 இல நாங்கள் ஊருக்குத் திரும்பி வரேக்கை எனக்குப் பத்து வயசு. வேலிக்கு அங்கால மிதிவெடிப் பலகை நிண்டது. மண்ணில கை வைச்சா அம்மா அடிப்பா. இப்ப அவவே பேத்தியிட்டைச் சிரட்டைப் புட்டை வாங்கிக்கொண்டு, "கறி எங்கையடி?" எண்டு கேக்கிறா.