விதியைச் சொல்லி ஆடுவதா, செய்வதைச் சொல்லி ஆடுவதா? எங்கள் சேலம் குழுவின் டி அண்ட் டி அனுபவம்

சேலத்தில் நண்பர்களோடு சில வருடங்களாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) நடத்தி வருகிறேன். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக இருந்து, பேசியும் பகடை உருட்டியும் ஒரு சாகசக் கதையை நகர்த்துகிற ஆட்டம் இது. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடி, ஞாயிறு சாயங்காலம், நடுவில் ஒரு தட்டு நிறைய தட்டுவடை செட். ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014-ல் வந்த விதிகள். டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையையும் விதிகளையும் நடத்துகிறவர், நான். புதிதாக வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி, "அண்ணா, அந்தப் புத்தகத்தை முழுசாப் படிக்கணுமா?" என்பதுதான். வேண்டாம். உங்கள் கேரக்டர் (நீங்கள் ஏற்றிருக்கும் பாத்திரம்) என்ன செய்கிறது என்று தெளிவாகச் சொன்னால் போதும். எந்த விதி, எந்தப் பகடை என்பதை நடத்துகிறவர் பார்த்துக்கொள்வார். இவ்வளவு நாள் ஆடிய பிறகும் என் கருத்து இதுதான். ஆனால் சில இடங்களில் விதியை முதலில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆரம்பத்தில் எங்கள் ஆட்டம் முழுக்க விதிப் பெயர்களாகத்தான் இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் "பெர்செப்ஷன்" (கவனித்துப் பார்க்கும் திறன்), எதிரில் ஆள் வந்ததும் "இன்சைட்" (ஆளின் மனதை எடைபோடும் திறன்), பூட்டிய கதவென்றால் "அத்லெடிக்ஸ்" (உடல்பலத் திறன்). பகடை உருளும், எண் வரும், தேவையான எண்ணை எட்டியதா என்று பார்த்து நான் பதில் சொல்வேன். வேகமாகப் போகும், உண்மைதான். ஆனால் புத்தகத்தைப் படித்த இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டே இருப்பார்கள், மற்றவர்கள் தட்டுவடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கைவிடப்பட்ட ஒரு காப்பி எஸ்டேட்டை வைத்து ஒரு கதை நடத்தியபோது இது மாறியது. கணக்குப் புத்தகம் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஒருவர் வழக்கம்போல "இன்வெஸ்டிகேஷன் போடுறேன்" என்றார், அதாவது துப்புத் தேடும் திறனுக்குப் பகடை. எங்கே தேடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிப்பதற்குள், அதுவரை அதிகம் பேசாத ஒரு தங்கை, "காப்பிக்கொட்டை காயப்போடுற களத்துல தார்ப்பாயை மடிச்சு வச்சிருப்பாங்கல்ல, அதைப் பிரிச்சு உதறிப் பார்க்கிறேன்" என்றாள். புத்தகம் அங்கேதான் இருந்தது. பகடையே தேவைப்படவில்லை.

இதை நானாக வளைத்துச் செய்யவில்லை. 2014 விதிப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. மேசையின் மேல் இழுப்பறையில், மடித்த துணிக்கு அடியில் ஒரு சாவி இருக்கிறது. அறையைச் சுற்றி நடந்து சுவரையும் சாமான்களையும் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னால், பகடையில் எவ்வளவு பெரிய எண் விழுந்தாலும் சாவி கிடைக்காது. இழுப்பறையைத் திறப்பதாகச் சொல்ல வேண்டும் என்று ஓர் உதாரணம் அதில் உண்டு. ஆட்டத்தின் அடிப்படையே மூன்று படிதான்: நடத்துகிறவர் சூழலைச் சொல்கிறார், ஆடுகிறவர் என்ன செய்கிறேன் என்கிறார், என்ன நடந்தது என்று நடத்துகிறவர் சொல்கிறார். அந்த மூன்றில் பகடை என்ற பேச்சே இல்லை.

சரி, வாய்ச்சாலகம் உள்ளவர்கள் மட்டும் ஜெயிப்பார்களே என்று ஒரு பயம் வரும். நியாயமான பயம். அதனால் எங்கள் குழுவில் யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. "அந்த மேஸ்திரியோட கடனைப் பத்திப் பேசி, அவரை நம்ம பக்கம் இழுக்கப் பார்க்கிறேன்" என்பது முழுமையான வர்ணனை. எதைச் சொல்லி, என்ன நோக்கத்தில் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. கேரக்டரின் குரலிலேயே பேசுவதும் இப்படி வெளியே நின்று விவரிப்பதும் இரண்டும் சரியான முறைகள் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அழகாகப் பேசினார் என்பதற்காகப் பகடையில் எட்ட வேண்டிய எண்ணை நான் குறைப்பதும் இல்லை, தடுமாறினார் என்பதற்காகக் கூட்டுவதும் இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களை இது எவ்வளவு தூரம் பேச வைத்தது என்பதுதான் எனக்கு இந்த முறையில் பெரிய சந்தோஷம்.

இனி, விதி முன்னால் வர வேண்டிய இடம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால், அதே மாதிரி ஒரு பாதையில் வழிப்பறிச் சண்டை ஒன்று வைத்தேன். கொள்ளையன் கீழ் வளைவில் ஓடுகிறான், நம் ஆள் மேல் வளைவில். சாலை வழியே போனால் பிடிக்க முடியாது. சண்டையில் ஒரு சுற்று என்பது ஆறு விநாடி, அதற்குள் நடக்கக்கூடிய தூரம் 30 அடி. "அப்படியே குதிக்கிறேன்" என்றாள் அந்தத் தங்கை. அந்த நொடியில் நான் கதை சொல்லக்கூடாது, கணக்குச் சொல்ல வேண்டும்: உயரம் 30 அடி, பத்து அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, ஆக மூன்று பகடையில் விழும் எண்களின் கூட்டுத்தொகை அளவுக்கு உனக்குக் காயம். அவள் யோசித்தாள். "அப்ப வேண்டாம். கரையில தொங்குற மரவேரைப் பிடிச்சு இறங்குறேன்" என்றாள். 15 வந்தால் இறங்கிவிடலாம் என்றேன். 17 போட்டாள்.

விளைவு தெரியாமல் ஒருவரைக் குதிக்கவிட்டுப் பிறகு பகடையை எடுப்பது அநியாயம். அந்த உயரம் கேரக்டரின் கண்ணுக்குத் தெரியும், ஆடுகிறவருக்கு நான் சொன்னால்தான் தெரியும். சண்டையில் பின்வாங்குவதும் அப்படித்தான். "ஓடுறேன்" என்றால், எதிரியின் கைக்கெட்டும் தூரத்தைத் தாண்டும்போது அவனுக்கு ஓர் அடி அடிக்க வாய்ப்பு கிடைக்கும். தற்காத்துக்கொண்டே விலகினால் அது கிடைக்காது, ஆனால் அந்தச் சுற்றில் வேறு வேலை செய்ய முடியாது. எதைச் செய்கிறீர்கள் என்று நான் கேட்டே ஆக வேண்டும். மந்திரங்களுக்கு விதிப் பெயரே நல்லது. ஃபயர்பால் (வெடிக்கும் நெருப்புருண்டை) என்றால் 20 அடி ஆரம், அதற்குள் நம் ஆட்கள் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

நடுவில் கொஞ்ச காலம் 2012-ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற இதே மாதிரியான வேறோர் ஆட்டம் ஆடினோம். செய்வதைச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு அதில்தான் படிந்தது. ஆபத்தைச் சமாளிக்கிறேன் என்றால் எப்படி என்று அந்த ஆட்டம் கேட்கும்: பலத்தாலா, சட்டென்று விலகியா, தாக்குப்பிடித்தா, யோசித்தா, மனத்திடத்தாலா, பேச்சாலா. சொல்கிற பதிலைப் பொறுத்து, பகடையில் விழுந்த எண்ணோடு கேரக்டரின் எந்தத் திறனைக் கூட்டுவது என்பது மாறும். இந்தப் பழக்கம் வேண்டும் என்கிறவர்கள் சில வாரம் அதை ஆடிவிட்டு ஐந்தாம் பதிப்புக்குத் திரும்பலாம்.

இந்த முறையில் குறையும் உண்டு. ஒரு காட்சிக்கு முன்பைவிட நேரம் அதிகம் ஆகிறது. நடத்துகிறவருக்குக் களைப்பு. எல்லாம் என் வாய்ச்சொல்லில் நிற்பதால், ஒருவருக்குச் சலுகை காட்டினேன் என்ற சந்தேகம் எளிதில் வந்துவிடும். அதற்காகத்தான் பகடையை எடுக்கும் முன்பே எட்ட வேண்டிய எண்ணைச் சொல்லிவிடுகிறேன். எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20.

எங்களுக்குள் அதிகம் வாக்குவாதம் நடந்தது ஒளிந்துகொள்வதில்தான். 2014 புத்தகம் அதை நடத்துகிறவரின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. திருத்தி வெளியிட்ட 2024 புத்தகத்தில், எட்ட வேண்டிய எண் 15 என்று தெளிவாக வைத்துவிட்டார்கள்; மறைவோ அடர்ந்த மூட்டமோ இருக்க வேண்டும், எதிரியின் பார்வையிலும் படக்கூடாது. அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது எதற்குப் பின்னால் நிற்கிறேன், மூடுபனி எவ்வளவு அடர்த்தி என்று முதலில் பேசிக்கொள்கிறோம், அப்புறம் 15-க்குப் பகடை.