நேரே டியூஷனா, முதலில் விளையாட்டா?

கவனக்குறைபாடு (ஏடிஎச்டி) உள்ள பிள்ளை பள்ளி விட்டு வந்ததும், மன்னார்குடிப் பக்கம் பல வீடுகளில் நேரே டியூஷன்தான். பாடம் விட்டுப்போகாது, சரி. ஆனால் நாள் முழுக்க அடக்கிவைத்த கோபம் அங்கேதான் வெடிக்கும். ஒரு கணக்கு தப்பினால் நோட்டைக் கிழிக்கும். அது திமிர் இல்லை. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்கு மூளையின் மேலுறை முதிர்வது சராசரியாக 3 ஆண்டு பிந்துகிறது என்று 2007-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. முன்பகுதியில்தான் அந்தத் தாமதம் அதிகம். உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும் அந்தப் பகுதியின் வேலை. 10 வயதுப் பிள்ளை சின்னக் குழந்தைபோல் அழுதால் அடிக்காதீர்கள்.

இன்னொரு வழி: ஏதாவது சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் வாய்க்கால் கரையில் சைக்கிள், அப்புறம் 15 நிமிடத் துண்டுகளாகப் பாடம். படிக்கும் நேரம் குறையும்தான். படித்தது தங்கும் என்பதால் நான் இதையே சொல்வேன், பரீட்சை வாரத்திலும்கூட.