சித்தப்பாவின் கணையமும் நான்கு பக்கக் காகிதமும்

டொராண்டோவிலிருந்து மூன்று வார லீவில் திருச்சிக்குப் போனேன். அதில் பத்து நாள் சித்தப்பாவோடு சென்னை ஆஸ்பத்திரியில் போனது.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு விப்பிள் ஆபரேஷன். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தை உணவுப்பாதையோடு தைத்திருந்தார்கள். ஆறு மாதமாகச் சாப்பிட்டாலே மேல்வயிற்றில் வலி, முதுகு வரை பாயும். கேஸ் என்றே மாத்திரை கொடுத்துவந்தார்கள். எம்ஆர்சிபி என்ற, பித்த, கணையக் குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்த பிறகுதான் தைத்த இடம் சுருங்கி, அதற்குப் பின்னால் கணைய நாளம் (கணைய நீர் போகும் குழாய்) வீங்கியிருப்பது தெரிந்தது.

சென்னை டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஆபரேஷன் நோட்ஸ் இருக்கா? கணையத்தைச் சிறுகுடல்ல சேர்த்தாங்களா, இரைப்பையிலயா?" இரைப்பை என்றால் சாதாரண எண்டோஸ்கோப்பே எட்டும். சிறுகுடல் என்றால் வழி நீளம், வளைவும் அதிகம். எங்களிடம் இருந்தது ஒற்றைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. பழைய ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனில் தம்பி மூன்று நாள் நின்றான். கடிதம் கொண்டுவா, ஆதார் நகல் கொண்டுவா, ஆபீசர் லீவு. வலியில் துடிக்கிறவருக்காகக் கேட்கும் நான்கு பக்கத்துக்கு இந்த அலைச்சல் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

கடைசியில் கிடைத்த நோட்ஸைப் பார்த்தால், சிறுகுடலில்தான் தைத்திருந்தார்கள். பலூன் வைத்த நீளமான எண்டோஸ்கோப் அந்த இடம் வரை போயும், தழும்பில் துவாரம் தெரியவில்லை. அப்படி ஆனால் என்ன செய்வார் என்பதை டாக்டர் முன்னாடியே காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார்: இரைப்பைக்குள்ளிருந்து அல்ட்ராசவுண்டில் பார்த்து, வீங்கிய நாளத்தில் ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியைச் சுருக்கத்தைத் தாண்டிச் செலுத்தி, விரித்து, அடைபடாமல் இருக்கச் சின்ன பிளாஸ்டிக் குழாய் (ஸ்டென்ட்) வைப்பது. கணைய அழற்சி, கசிவு, ரத்தப்போக்கு வரலாம், கம்பி போகாவிட்டால் மறுபடி ஆபரேஷன்தான் என்பதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது, ஆனால் எதற்குப் போடுகிறேன் என்று புரிந்து போட்டேன்.

கம்பி சுருக்கத்தைத் தாண்டிப் போனது. மூன்றாம் நாள் சித்தப்பா, "பசிக்குதும்மா" என்றார். செரிமானத்துக்கான என்சைம் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும் என்று நர்ஸ் இட்லித் தட்டின் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும். அப்போது நான் ஊரில் இருக்க மாட்டேன். நான்கு பக்கத்தையும் புது ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்து தம்பியின் போனில் ஏற்றிவிட்டு, ஒரிஜினலைச் சித்தி கையில் கொடுத்தேன். அவர் அதை நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்.