நானோத் துகளா, கன்னத்தில் ஒட்டும் படலமா?

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரொப்ரனலோல் மருந்தை விழுங்கினால் பெரும்பகுதியை ஈரலே தின்றுவிடும்; இரத்தத்தில் சேர்வது ஏறத்தாழக் கால்வாசிதான். உட்கன்னச் சவ்வு வழியே கொடுத்தால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதற்குக் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பலபடி) நானோத் துகளா, ஒட்டும் படலமா என்றால், கொழும்பில் படலத்துக்கே எங்கள் வாக்கு.

துகள் செய்வது பார்வைக்குச் சுலபம். 1% அசற்றிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசான் (மில்லிலீற்றருக்கு 2 மி.கி.) 10 மி.லீ. எடுத்து, பீஎச்சை 4.8 அளவில் வைத்து, காந்தக் கலக்கியில் சுழலவிடுங்கள். மில்லிலீற்றருக்கு 1 மி.கி. உள்ள திரிபொலிபொஸ்பேற் (கைட்டோசானைப் பிணைத்துத் துகளாக்கும் உப்பு) கரைசல் 5 மி.லீ. துளித்துளியாக விழவேண்டும். இலேசான நீலம் கலந்த பால்நிறம் வந்தால் துகள் உருவாகிவிட்டது. வெள்ளையாகத் திரைந்தால் பொஸ்பேற் கூடிவிட்டது, அல்லது அவசரப்பட்டு ஊற்றிவிட்டீர்கள்.

சிக்கல் மின்னேற்றத்தில். கைட்டோசானும் நேரேற்றம், புரொப்ரனலோலும் நேரேற்றம், ஒன்றையொன்று தள்ளும். மையநீக்கியில் சுற்றியபின் மருந்தில் பெரும்பங்கு மேல்நீரிலேயே கிடக்கும். கணக்கும் உதைக்கிறது: மேற்சொன்ன தொகுதியில் கைட்டோசானும் பொஸ்பேற்றும் சேர்ந்தே 25 மி.கி.தான். அதில் ஒருவேளைக்கான 10 மி.கி. மருந்தை ஏற்றுவது எப்படி? போதாததற்கு உமிழ்நீரின் பீஎச்சில் கைட்டோசானின் ஏற்றம் குறைந்து துகள்கள் திரளும். துகளைத் தூளாக்கும் உறைஉலர்த்தலுக்கு ஒருநாளுக்கு மேல் மின்சாரம் தடைப்படக்கூடாது. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட ஊர் இது.

படலத்தின் கணக்கு நேரானது. 9 செ.மீ. பெத்திரிக்கிண்ணத்தின் பரப்பு 63.6 சதுர செ.மீ. 2×2 செ.மீ. துண்டில் 10 மி.கி. வேண்டுமானால் கிண்ணத்துக்கு 159 மி.கி. மருந்து போடவேண்டும். வட்டத்திலிருந்து 12 துண்டுதான் வெட்டலாம் என்று 120 மி.கி. மட்டும் போட்டால் ஒவ்வொன்றிலும் மருந்து குறையும். இது அடிக்கடி நடக்கும் பிழை.

எச்பிஎம்சி கே4எம் என்ற ஒட்டும் செலுலோசுத் தூள் 400 மி.கி.யைச் சுடுநீர் சிறிதளவில் தூவிக் கலக்கி, குளிர்நீர் விட்டு 20 மி.லீ. ஆக்குங்கள். நேரே குளிர்நீரில் போட்டால் கட்டிபடும். மருந்தும் 120 மி.கி. கிளிசரீனும் சேர்த்து, குமிழி அடங்க இரவு முழுதும் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, கிண்ணத்தில் ஊற்றி 40 பாகையில் உலர்த்துங்கள். தட்டு சாய்ந்திருந்தால் ஒருபக்கம் தடிக்கும். ஒட்டுந்திறன் கூடுமென்று கார்பொப்போல் என்ற பலபடியைச் சேர்க்கவேண்டாம். எதிரேற்றமுள்ள அது மருந்தோடு பிணைந்து திரையும். கன்னத்தில் ஒட்டாத முதுகுப்பக்கம், மருந்து வாய்க்குள் கசியாதிருக்க, எதனோலில் கரைத்த எதைல் செலுலோசை மெல்லத் தெளித்தால் போதும். ஊற்றினால் மருந்து அதற்குள் ஏறிவிடும்.

கொழும்புக் காற்றின் ஈரம்தான் படலத்துக்கு எதிரி. கிளிசரீன் வேறு நீரை இழுக்கும். நிறைவுற்ற கறியுப்புக் கரைசல் வைத்த மூடிய பாத்திரத்தில் ஈரப்பதன் சுமார் 75% நிற்கும். அதில் ஒருநாள் வைத்துப் பாருங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டினால் கிளிசரீனைக் குறையுங்கள். வெட்டியவுடன் அலுமினியத் தாளில் மூடுங்கள்.

இன்சுலின் போன்ற புரதமென்றால் தீர்ப்பு மாறும். நடுநிலைக்கு அண்மையில் எதிரேற்றம் கொள்வதால் கைட்டோசான் அதை நன்றாகப் பிடிக்கும். ஆனால் மூக்குவழி கொடுத்தால் துகள்கள் விரைவில் சளியோடு வெளியேறத் தொடங்கும். அங்கே துகளுக்கும் ஒட்டும் கூழொன்றின் துணை வேண்டும்.