சூப்பர் கான்ஸ்டலேஷனா, வைகவுண்ட்டா?

1950-களில் பறந்த விமானிகளிடம் கேட்டால் பாதிப் பேர் சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற அமெரிக்கப் பயணிகள் விமானத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான்கு பிஸ்டன் இன்ஜின், ஒவ்வொன்றிலும் 18 சிலிண்டர். இன்ஜினைக் கிளப்புவதே ஒரு கலை: முதலில் புரொப்பெல்லர் சோம்பலாகச் சுற்றும், ஒரு சிலிண்டர் இருமும், வெள்ளைப் புகை கக்கும், அப்புறம்தான் மற்றவை சேர்ந்துகொள்ளும். இரவில் புகைபோக்கித் தீயின் நிறமே எரிபொருள்-காற்றுக் கலவை சரியா என்று காட்டிக்கொடுக்கும். இன்ஜின்களைக் கவனிக்கவே தனியாக ஒரு ஃபிளைட் இன்ஜினியர். 'உலகின் மிகச் சிறந்த மூன்று இன்ஜின் விமானம்' என்ற கிண்டல் சும்மா வரவில்லை. நான்கில் ஒன்றை நடுவழியில் அணைத்துவிட்டு வருவது அவ்வளவு சகஜம்.

1953-இல் பயணிகள் சேவைக்கு வந்த பிரிட்டிஷ் விமானமான வைகவுண்ட்டில் இந்த நாடகமே இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் டர்போபிராப், அதாவது பிஸ்டனுக்குப் பதில் டர்பைன் புரொப்பெல்லரைச் சுழற்றும் இன்ஜின். தரையில் காதைத் துளைக்கும் கீச்சொலி, மேலே போனால் நாணயத்தை விளிம்பில் நிறுத்திக் காட்டும் அளவுக்கு அதிர்வு குறைவு. பெரிய முட்டை வடிவ ஜன்னல் வேறு. பெருங்கடல் தாண்டும் தூரம் மட்டும் அதற்கு எட்டாது.

பயணியாக ஏறுவதென்றால் நான் வைகவுண்ட்டைத்தான் எடுப்பேன், யோசிக்கவே மாட்டேன். கதை கேட்பதற்கோ, கான்ஸ்டலேஷன் ஓட்டியவர்தான் வேண்டும்.