காசு கொடுத்து வாங்கிய பாட்டு எனக்கே பாட மாட்டேன் என்கிறது: 'டவுன்லோடு' பட்டனை நம்புகிறவர்கள் கவனத்துக்கு

என் பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டர் நிறையப் பாட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் வாக்கில் கிரெடிட் கார்டில் கட்டியிருக்கிறேன். பில் வந்த மின்னஞ்சல்களைக்கூட அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஃபைல்கள் கெட்டுப்போகவில்லை. பாட்டின் பெயர் தெரிகிறது, ஆல்பம் தெரிகிறது, அட்டைப்படம்கூட வருகிறது. ஆனால் ஒன்றுகூட ஓடாது. இனி ஓடவும் செய்யாது.

பூட்டுப் போட்டு விற்கிற பாட்டை, அதாவது டிஆர்எம் உள்ள ஃபைலை, காசு கொடுத்து வாங்கியதன் பலன் இது. பழைய கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். இன்றைக்கு நீங்கள் போனில் 'டவுன்லோடு' செய்து வைத்திருப்பதிலும் பெரும்பாலும் இதே பூட்டுதான் தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2006 வாக்கில் நியூஜெர்சியில் வேலையில் இருந்தேன். கூட இருந்த நண்பர்கள் எல்லாரும் எங்கிருந்தோ இறக்கிய எம்பி3 பாட்டுகளை ஒருவருக்கொருவர் சிடியில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். சம்பளம் வாங்குகிறோம், பாடினவனுக்கும் வாசித்தவனுக்கும் ஏதாவது போகட்டுமே என்று நான் ஒரு ஆன்லைன் கடையில் கணக்குத் தொடங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். அது இப்போது இல்லை. தவிரவும், விண்டோஸ் மீடியா ஃபைலாகப் பாட்டு விற்ற கடைகள் அன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன.

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மீதிக் கதை புரியும். நீங்கள் இறக்குவது பாட்டு ஃபைல்தான், ஆனால் அது சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி, லைசென்ஸ் என்ற பெயரில், கடையின் சர்வரிலிருந்து தனியாக வந்து விண்டோஸுக்குள் ஒரு மறைவான ஃபோல்டரில் உட்காரும். அந்தச் சாவி உங்கள் கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டது. ஃபைலை நூறு இடத்துக்கு நகலெடுக்கலாம், சாவி கூட வராது. வேறு கணினியில் போட்டால் அது மறுபடியும் சர்வரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் கடைக்காரர் இஷ்டம். இத்தனை கணினிக்குத்தான் என்று ஓர் உச்சவரம்பும் உண்டு.

என் லேப்டாப்பின் மதர்போர்டு போயிற்று. மாற்றிக் கொடுத்தார்கள். அதே ஹார்ட் டிஸ்க், அதே விண்டோஸ், அதே ஆள். ஆனால் பாட்டைத் தட்டினால் 'உரிமம் தேவை' என்று ஒரு சின்ன சன்னல் திறக்கிறது. மதர்போர்டு மாறியதால் அதன் கணக்கில் இது வேறு கணினி! வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் பதிலே எழுதாமல் ஆயத்தமாக வைத்திருந்த ஒரு மடலை அனுப்பினார்கள். மறுபடி எழுதிய பிறகு, போனால் போகிறது என்று உரிமத்தைப் புதுப்பித்தார்கள். உச்சவரம்பில் ஒன்று கழிந்தது. செத்துப்போன மதர்போர்டின் பெயரில் ஓர் உரிமம் சும்மா கிடந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. மனைவியிடம் ஐபாட் இருந்தது. நான் வாங்கிய பாட்டு அதில் ஏறாது. அவள் ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டு என் பிளேயரில் ஏறாது. ஆப்பிளின் பூட்டு வேறு, மைக்ரோசாஃப்ட்டின் பூட்டு வேறு. "காசு குடுத்துதானே வாங்குனீங்க, அப்புறம் ஏன் பாட மாட்டேங்குது?" என்று அவள் கேட்டபோது, டிஆர்எம் பற்றி நான் கொடுத்த விளக்கம் எனக்கே கேனத்தனமாக இருந்தது. பக்கத்து வீட்டு நண்பரின் திருட்டு எம்பி3 அவளுடைய ஐபாடிலும் பாடியது, என் பிளேயரிலும் பாடியது, அவர் காரிலும் பாடியது.

ஊர் திரும்பினோம். சென்னையில் புதுக் கணினி. கடையின் கணக்கில் நுழைந்தால், உங்கள் நாட்டில் இந்தச் சேவை கிடையாது என்று வந்தது. வாங்கும்போது அமெரிக்காவில் இருந்தேன், பணம் அமெரிக்க வங்கியிலிருந்து போனது. அதெல்லாம் சரி, ஏற்கெனவே வாங்கியதைக் கேட்கத்தானே உரிமம் கேட்கிறேன் என்று எழுதினால், புது விற்பனைக்கும் பழைய உரிமத்துக்கும் ஒரே சர்வர், ஒரே விதி என்றார்கள். அப்புறம் ஒருநாள் கடைசி மடல். கடையை மூடுகிறோம், உரிம சர்வரும் நிற்கும், அதற்குள் பாட்டுகளை ஆடியோ சிடியாக எழுதி வைத்துக்கொள்ளவும். எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சிடி எழுதவும் உரிமம் வேண்டுமே!

அந்த யோசனையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆடியோ சிடியாக எழுதினால் பூட்டு போய்விடும், பிறகு அந்த சிடியிலிருந்து எம்பி3யாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்கு எல்லாக் கடைகளும் சொன்ன வைத்தியம். இந்த ஒரு வாசலைத் திறந்தே வைத்துக்கொண்டு மற்ற எல்லா இடத்திலும் பூட்டியவர்களின் அறிவை என்னவென்பது? திருட நினைப்பவன் அந்த வழியாகப் போய்விடுவான். யோக்கியன் ஒவ்வொரு சிடியாக எழுதி, ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து, 'டிராக் 01', 'டிராக் 02' என்று வருவதற்கெல்லாம் உட்கார்ந்து பெயர் தட்ட வேண்டும். அதுவும் பழைய தரத்தில் கிடைக்காது. விற்றதே 128 கிலோபிட் அளவில் சுருக்கிய ஃபைல். அதை விரித்து சிடியில் எழுதி மறுபடி சுருக்கும்போது இரண்டாவது தடவை நஷ்டம். ஊர் திரும்புவதற்கு முன் நான் அப்படி மாற்றி வைத்த சில பாட்டுகள் இருக்கின்றன. டிரம்ஸில் சிம்பல் அடிக்கும் இடமெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஒரு குழைவு. தம்புரா ரீங்காரத்தில் ஒரு நடுக்கம். பாட்டுக் கேட்கும் காது உள்ளவர்களுக்கு இது தெரியாமல் போகாது.

எனக்கு மட்டும்தான் இப்படி என்றால் புலம்பிவிட்டு விட்டிருப்பேன். 2008-ஐப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்என் மியூசிக்கில் பாட்டு வாங்கியவர்களுக்கு அந்த ஏப்ரலில் ஓர் அறிவிப்பு அனுப்பியது: ஆகஸ்ட் 31-க்குப் பிறகு உரிமம் தர மாட்டோம், கணினியையோ விண்டோஸையோ மாற்றினால் பாட்டு போய்விடும். பூட்டைச் செய்ததும் மைக்ரோசாஃப்ட்தான், பாட்டை விற்றதும் மைக்ரோசாஃப்ட்தான்! கூச்சல் எழுந்ததும் 2011 முடிவு வரை நீட்டித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் யாகூ, செப்டம்பர் 30-உடன் சர்வரை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டு, பிறகு கூப்பனும் பணமும் தருவதாக இறங்கி வந்தது. செப்டம்பரில் வால்மார்ட், அக்டோபர் 9-உடன் நிறுத்துவதாகச் சொல்லி, வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டது. ஒரே வருஷத்தில் மூன்று பெரிய கைகள். சின்னக் கடைகளில் வாங்கியவர்களுக்காகக் கூச்சல் போட யாரும் இல்லை.

சிடி வாங்கினால் தப்பித்தோம் என்றும் சொல்ல முடியாத ஒரு காலம் இருந்தது. 2005-இல் சோனி பிஎம்ஜி தன் சிடிகள் பலவற்றில் ஒரு மென்பொருளை வைத்து விற்றது. கணினியில் போட்டால் விண்டோஸுக்குள் புகுந்து தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் தன் கணினியிலேயே அதைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று வெளியிட்டார். அடுத்த சில நாட்களிலேயே வைரஸ் எழுதுகிறவர்கள் அதே மறைவிடத்தைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் சிடிகளைத் திரும்பப் பெற்றார்கள், வழக்குகள் நடந்தன. எம்பி3 திருடியவன் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பூட்டினால் திருட்டு குறைந்ததா? ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் எழுதிய திறந்த மடலில் ஒரு கணக்கு சொன்னார். 2006-இல் ஆன்லைன் கடைகள் பூட்டோடு விற்ற பாட்டுகள் 200 கோடிக்கும் குறைவு. அதே இசை நிறுவனங்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் சிடியில் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். இதில் எதைக் காப்பாற்றினார்கள்? அவர் பெரிய நியாயவான் என்று சொல்ல வரவில்லை, அவர் கடையின் பூட்டுதான் என் மனைவியின் பாட்டுகளை ஐபாடோடு கட்டிப்போட்டது. 2009-இல் ஐடியூன்ஸ் பூட்டைக் கைவிட்டபோதும் ஏற்கெனவே வாங்கிய பாட்டுக்குப் பூட்டில்லாத பிரதி வேண்டுமென்றால் பாட்டுக்கு 30 சென்ட் கட்டச் சொன்னார்கள்.

பூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஃபிளிப்கார்ட் 2012-இல் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்தது. எம்பி3, பூட்டு கிடையாது. அடுத்த வருஷமே வியாபாரம் ஓடாமல் மூடிவிட்டார்கள். அங்கே வாங்கி இறக்கி வைத்த பாட்டுகள் இன்றைக்கும் என் போனில் ஓடுகின்றன. கடை செத்தது, பாட்டு சாகவில்லை.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். சந்தா செயலிகளில் 'டவுன்லோடு' செய்யும் பாட்டு அந்தச் செயலிக்கு வெளியே எங்கேயும் ஓடாது. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணையாவிட்டால் டவுன்லோடு காலாவதியாகும், சந்தா நின்றால் அதுவும் நிற்கும். அதை அவர்கள் ஒளிக்கவில்லை, மாத வாடகை என்று தெரிந்து கட்டினால் தப்பும் இல்லை. ஆனால் செயலியே போய்விட்டால்? 2024-இல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடியபோது அதில் டவுன்லோடு செய்து வைத்திருந்தவர்களின் கையில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, ஒரு பாட்டு உங்களுக்கு உயிர் என்றால் அதை மட்டுமாவது தனியாக வாங்கி வையுங்கள். வாங்குமுன் ஃபைல் என்ன வடிவில் வரும் என்று பாருங்கள். எம்பி3, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) என்றால் நிம்மதி. பேண்ட்கேம்ப் என்ற ஆன்லைன் கடையில் இரண்டும் பூட்டில்லாமல் கிடைக்கும். ஐடியூன்ஸ் ஸ்டோரில் தனியாக வாங்கும் பாட்டுக்கும் இப்போது பூட்டில்லை, ஆனால் ஆப்பிள் மியூசிக் சந்தாவில் இறக்கியதற்குப் பூட்டு உண்டு, இரண்டும் ஒரே செயலியில் அக்கம்பக்கமாக நிற்பதால் குழம்பிவிடாதீர்கள். 'எங்கள் செயலியில் மட்டும் கேட்கலாம்' என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால் அது விற்பனை விலைக்கு வாடகை வீடு, கிளம்பிவிடுங்கள். வாங்கியதைக் கடையின் கணக்கிலேயே விட்டுவைக்காமல் அன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். கூகுள் பிளே மியூசிக் மூடப்பட்டபோது, 2021 பிப்ரவரி 24-க்குள் எடுத்துக்கொள்ளாதவர்களின் பாட்டுகளை அழித்துவிட்டார்கள். அவை பூட்டே இல்லாத பாட்டுகள்.

பூட்டை உடைக்கும் மென்பொருள் எது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் டிஎம்சிஏ என்ற 1998-இன் பதிப்புரிமைச் சட்டப்படி உடைப்பதே பொதுவாகச் சட்டவிரோதம். இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. வாங்கியவன் தானே கேட்க உடைத்தால் அந்த நோக்கம் இல்லை என்று நான் நினைக்கிறேன், ஆனால் நான் வக்கீல் இல்லை.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கணினி ஏதாவது இன்னும் உயிரோடு இருக்கிறதா? அதில் வாங்கிய பாட்டுகள் இருந்தால் முதலில் ஒன்றைத் தட்டிப் பாருங்கள். பாடுகிறது என்றால் சாவி அந்தக் கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸைப் புதிதாக ஏற்றாதீர்கள், கடைக்காரப் பையனிடம் ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள், மதர்போர்டில் கை வைக்காதீர்கள். பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் சொந்த சிடியிலிருந்து எடுத்த பாட்டுகளையும் சோதியுங்கள். 'இசையைப் பூட்டிச் சேமி' என்கிற மாதிரி அதில் ஒரு டிக் இருந்தது, அதைக் கவனிக்காமல் எடுத்தவர்களின் சொந்த சிடியும் இதே பூட்டுக்குள்தான் கிடக்கும். சிடி கைவசம் இருந்தால் மறுபடி எடுத்துவிடலாம். இல்லையென்றால் ஒரு கட்டு வெற்று சிடி வாங்கி, அந்தக் கணினி ஓடும்போதே எழுத ஆரம்பியுங்கள். ஒலி கொஞ்சம் குறையும். என் ஃபோல்டர் மாதிரி வாயடைத்துப் போகாது.